ஆறு வாரங்கள்

1968 ஏப்ரலில் அமெரிக்காவில், பார்க்கின்சன் வியாதியோடு வாழ்ந்துகொண்டிருந்த 58 வயதுப் பெண்மணி ஒருவர் தன் டாக்டர்களிடம் ஒரு விஷயம் சொன்னார். மூன்று மாதங்களுக்கு முன்னால், ஃப்ளூ ஜுரம் வராமலிருக்க அமான்டடின் என்ற மருந்தை 100 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இரண்டு வேளை சாப்பிட்டு வந்தாராம். சாப்பிட்ட நாட்களில் உடம்பின் விறைப்பு தளர்ந்தது. நடுக்கம் அடங்கியது. அசைவு திரும்பி வந்தது. இது ஆறு வாரங்கள். மருந்தை நிறுத்தியதும் எல்லாம் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டன.

இவருக்குப் பெயர் இல்லை. 1969 மே மாதம் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான கட்டுரையில் ஒரு வயதாகவும் ஓரிரு வாக்கியங்களாகவும் இருந்துவிட்டு மறைந்துபோகிறார். ஆனால் அந்தக் கட்டுரையே இவர் பேசியதால் வந்தது. சோதனைச்சாலையில் யாரும் தேடிக் கண்டதல்ல. ஒரு நோயாளி தன் உடம்பைக் கவனித்தார், கவனித்ததைச் சொன்னார், கேட்டவர்கள் 'அது தற்செயல், அம்மா' என்று அனுப்பிவிடவில்லை. வைரஸுக்காகச் செய்த மருந்து நடுக்குவாதத்துக்கு மருந்தானது இப்படித்தான்.

கேட்டவர்கள் யார் என்பதில் சரித்திரத்தின் குறும்பு இருக்கிறது. பாஸ்டனில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த ராபர்ட் ஷ்வாப், டேவிட் பாஸ்கன்ஸர் முதலியோர். இந்த இருவரும் 1960-களின் தொடக்கத்தில் ஒரு துணிச்சலான கருத்தை முன்வைத்திருந்தார்கள். தங்கள் மருத்துவமனைக்கு வந்த பார்க்கின்சன் நோயாளிகளின் சராசரி வயது 1920-களிலிருந்து ஏறிக்கொண்டே வருவதைப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஒரே தலைமுறை மனிதர்கள் கூட்டமாக வயதாகிக்கொண்டு வருவது போல. அப்படியானால் இவர்கள் எல்லோரையும் 1920 வாக்கில் ஏதோ ஒரு தொற்று, வெளியே தெரியாமல், தொட்டுவிட்டுப் போயிருக்கவேண்டும். அந்தத் தலைமுறை மறைந்ததும் வியாதியும் மறையும். 1980 வாக்கில் பார்க்கின்சன் என்பது அரிதாகிவிடும் என்பது அவர்கள் கணக்கு.

மறையவில்லை. 2019-ல் உலகம் முழுக்க 85 லட்சம் பேருக்குமேல் அதோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆனால் இந்தத் தவறான ஜோசியத்தை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. கண் முன்னால் அவ்வளவு பெரிய ஒரு சாட்சியம் இருக்கும்போது யாரும் இப்படித்தான் நினைத்திருப்பார்கள். அந்தச் சாட்சியத்தைப் பார்க்க 1917-க்குப் போகவேண்டும்.

முதல் உலக யுத்தத்தின் நடுவில், 1916-17 குளிர்காலத்தில், வியன்னாவின் மனநோய் மருத்துவமனைக்கு வினோதமான நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். ஜுரம், தலைவலி, பிறகு தூக்கம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, வாயில் உணவோடு தூங்கிப்போகிறவர்கள். எழுப்பினால் எழுந்து சரியாகப் பதில் சொல்லிவிட்டு மறுபடி தூங்குகிறவர்கள். மாறாக, வாரக்கணக்கில் தூக்கமே வராதவர்கள். கான்ஸ்டன்டின் ஃபான் எகனாமோ என்ற டாக்டர் (இவர் யுத்தத்தில் விமானமும் ஓட்டியவர்) இவை எல்லாம் ஒரே வியாதியின் வேறு வேறு முகங்கள் என்று கண்டு, 1917 மே 10-ல் வெளியான கட்டுரையில் அதற்கு என்ஸெஃபலைட்டிஸ் லெதார்ஜிகா என்று பெயர் வைத்தார். தூக்க மூளையழற்சி எனலாம். ஏறக்குறைய அதே நாட்களில் பிரான்சில் ழான்-ரெனே க்ருஷேயும் இதே போன்ற நோயாளிகளைப் பற்றி எழுதினார். எதிரெதிர் அணி நாடுகள். ஒருவர் எழுதியது மற்றவர் கைக்குப் போகும் நிலைமை இல்லை.

பத்தாண்டு உலகம் முழுக்கத் திரிந்துவிட்டு இந்த வியாதி 1927 வாக்கில் வந்தது போலவே போய்விட்டது. எத்தனை பேரைப் பிடித்தது என்பதில் ஐந்து லட்சம் என்கிறவர்களும் உண்டு, ஐம்பது லட்சம் என்கிறவர்களும் உண்டு. பத்து மடங்கு வித்தியாசத்தை ஒரு கணக்கு என்று சொல்ல முடியாது. பிடித்தவர்களில் மூன்றில் ஒருவர் அந்த ஜுரத்திலேயே இறந்தார்கள். பிழைத்தவர்களுக்குத்தான் விஷயம் ஆரம்பித்தது. மாதங்கள் கழித்து, பலருக்கு வருஷங்கள் கழித்து, இருபது முப்பது வயதில் இருந்தவர்கள் எழுபது வயதுக்காரர்களைப் போல உறைந்துபோனார்கள். முகத்தில் பாவம் அற்றுப்போயிற்று. கண்கள் மேலே சென்று செருகி மணிக்கணக்கில் இறங்க மறுத்தன. பார்க்கின்சன் வியாதியின் எல்லா அடையாளங்களும். 1919-ல் பாரிஸில் ட்ரெட்யகாஃப் என்ற இளைஞர் தன் பட்ட ஆய்வில், இந்த வியாதியில் சேதமாவது நடுமூளையில் கருநிறமாக இருக்கும் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற சிறு பகுதி என்று காட்டினார். தூக்கநோயில் செத்தவர்களின் மூளைகளிலும் அதே இடம் அழிந்திருந்தது.

ஆக ஒரு தொற்று நோய் நடுக்குவாதத்தை உண்டாக்க முடியும். இது கண்முன் நடந்தது. அதற்கு அடுத்த படியில்தான் கால் வழுக்கியது. எந்தத் தொற்று? 1918-ல் உலகத்தைச் சுருட்டிய இன்ஃப்ளூயன்ஸாவைத் தவிர வேறெது இருக்கமுடியும்? இரண்டும் ஒரே காலம், இரண்டும் ஜுரம், இரண்டும் யுத்தத்தின் பிள்ளைகள். கதை தானாகவே எழுதிக்கொண்டது. தேதிகள் மட்டும் இடித்தன. எகனாமோவின் நோயாளிகள் 1916-17 குளிர்காலத்தவர்கள். ஃப்ளூவின் முதல் பெரிய பதிவு 1918 மார்ச்சில், அமெரிக்காவின் கான்ஸஸ் ராணுவ முகாமில். எகனாமோ தாமே இரண்டையும் ஒன்றாக்க ஒப்பவில்லை.

இருந்தாலும் கதைக்கு ஆதரவாகவும் ஒரு வலுவான சாட்சி உண்டு. 1918 நவம்பர் 7-ந் தேதி டாலூன் என்ற கப்பல் ஆக்லாந்திலிருந்து மேற்கு சமோவாவின் அப்பியா துறைமுகத்துக்கு ஃப்ளூவைக் கொண்டுவந்தது. சில வாரங்களில் அந்தத் தீவுகளின் ஜனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் செத்துப்போயிற்று. பக்கத்திலேயே அமெரிக்க சமோவா. அங்கே கவர்னர் கப்பல்களை நிறுத்திவைத்தார், ஃப்ளூவில் ஒருவர்கூடச் சாகவில்லை. 1982-ல் ராவன்ஹோல்ட், ஃபேகி என்ற இருவர் இந்த இரண்டு தீவுக் கூட்டங்களின் மரணப் பதிவுகளை எடுத்துவைத்துப் பார்த்தார்கள். ஃப்ளூ புகுந்த மேற்கில் பின்வந்த வருஷங்களில் தூக்கநோய்ச் சாவுகள். ஃப்ளூ புகாத கிழக்கில் அது ஏறக்குறைய இல்லை. அமெரிக்காவின் ஸியாட்டில் நகரத்திலும் ஃப்ளூ உச்சத்துக்கு ஒரு வருஷம் கழித்துத் தூக்கநோய் உச்சம். படிக்கும்போது நிமிர்ந்து உட்காரவைக்கும் வாதம் இது. ஆனால் 2001-ல், பல பத்தாண்டுகளாகப் பாதுகாத்து வைத்திருந்த அந்தக் கால நோயாளிகளின் மூளைத் திசுக்களில் இன்ஃப்ளூயன்ஸா வைரஸின் மரபுப் பொருளைத் தேடினார்கள். அகப்படவில்லை. 2004-ல் வேறொரு குழு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் மூளையைத் தாக்கிய நிகழ்ச்சியாக இது இருக்கலாம் என்றது. வழக்கு இன்னும் திறந்தே கிடக்கிறது.

இதற்கு நடுவில் இலக்கியம் நுழைந்தது. ஆலிவர் ஸாக்ஸ் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியிலிருந்த பெத் ஏபிரகாம் மருத்துவமனையில், 1920-களின் தூக்கநோயில் பிழைத்து நாற்பது வருஷமாக உறைந்து கிடந்த எண்பது பேர் போலப் பார்த்தார். 1969 மார்ச்சில் அவர்களுக்கு எல்-டோபா கொடுக்கத் தொடங்கினார். மூளையில் டோபமின் குறைவதே நோய் என்று வியன்னாவிலும் ஸ்வீடனிலும் கண்டுபிடித்ததன் பலன் இந்த மருந்து. (இதே பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து 1937-லேயே சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்துக் காட்டியிருந்தார்கள். அது நடுக்குவாதத்துக்கு ஆகும் என்று அன்று யாருக்கும் தெரியாது.) உறைந்தவர்கள் எழுந்தார்கள், பேசினார்கள், ஆடினார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பயங்கரமான பக்க விளைவுகளில் விழுந்தார்கள். 1973-ல் வந்த ஸாக்ஸின் 'அவேக்கனிங்ஸ்' நூலில் ரோஸ் என்ற பெண்மணி 1926-ல் நோயில் விழுந்து 1969-ல் எழுகிறார். இப்போது எந்த வருஷம் என்று அவருக்குத் தெரியும், ஆனால் 1926 என்றுதான் உணர்கிறார். இதைப் படித்துத்தான் ஹெரால்ட் பின்ட்டர் 1982-ல் 'எ கைண்ட் ஆஃப் அலாஸ்கா' நாடகத்தை எழுதினார்.

இந்த நூல் நம் மாதிரி எழுதுகிறவர்கள் கையில் என்ன ஆயிற்று என்பதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. தூங்கியவன் எழுகிறான், காலம் போய்விட்டது, எழுந்தவன் அந்நியன். இதைவிடத் தோதான உருவகம் எழுத்தாளனுக்கு எங்கே கிடைக்கும்? கவிதைகளிலும் விமர்சனங்களிலும் அந்த உறைந்த மனிதர்கள் நம் காலத்தின், நம் அரசியலின், நம் அந்நியமாதலின் குறியீடுகளாகிவிட்டார்கள். ஸாக்ஸ் செய்தது நேர் எதிரானது. ஒவ்வொருவரையும் எந்தக் குறியீட்டுக்குள்ளும் அடங்காத தனி ஆளாக, அவர் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதினார். பேச முடியாத லியனார்ட் எழுத்துப் பலகையில் ஒவ்வொரு எழுத்தாகச் சுட்டிக்காட்டிச் சொன்னதையெல்லாம் கேட்டார். எல்-டோபா கைவிட்ட பிறகு லியனார்டுக்கும் அமான்டடின் கொடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பலன் குறைந்துகொண்டே போயிற்று. இதை யாரும் உருவகமாக்கவில்லை. அவ்வளவு அழகாக இல்லை போலும்.

டாக்டர்களும் எழுத்தாளர்களும் இதில் ஒரே தவறைச் செய்தார்கள் என்பது என் அபிப்பிராயம். இரு சாராருக்கும் வைரஸ் என்பது ஆரம்பம். வியாதியைப் பெற்றுப்போட்டுவிட்டுப் போகும் மூலகாரணம். வைரஸ் நடுக்குவாதத்தை உண்டாக்குகிறதா என்று ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கேட்டார்கள். ஏற்கனவே நடுக்குவாதத்தோடு வாழ்கிற ஒருவருக்கு ஒரு வைரஸ் ஜுரம் வந்தால் என்ன ஆகிறது என்ற சாதாரணக் கேள்வி, சரித்திரத்துக்கு லாயக்கில்லாதது என்பது போல, வீட்டுக்காரர்களிடமே விட்டுவிடப்பட்டது. 1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் தன் புகழ்பெற்ற சிறு நூலில் ஆறு பேரைத்தான் வர்ணித்தார். அவர்களில் சிலர் லண்டன் தெருவில் நடந்து போகும்போது கண்ணில் பட்டவர்கள். தெருவில் பார்த்த மனிதருக்கு வீட்டில் ஜலதோஷம் பிடித்த வாரம் எப்படிக் கழிந்தது என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

எங்கள் வீட்டில் அது தெரியும். என் பெரியப்பா ஒன்பது வருஷமாக இந்த வியாதியோடு, மாத்திரை வேளைகளை ரயில் நேரம் போல வைத்துக்கொண்டு, ஒருவாறு நடமாடிக்கொண்டிருந்தார். ஊரில் எல்லோருக்கும் வந்த ஒரு ஜுரம் அவருக்கும் வந்தது. எங்களுக்கு இருமலும் உடம்புவலியும். அவருக்கு இரண்டாம் நாளே படுக்கையில் புரள முடியவில்லை. குரல் உள்ளே போய்விட்டது. ராத்திரியில், செத்துப்போன தன் தம்பி வாசலில் நிற்பதாகச் சொன்னார். 'வியாதி முத்திப்போச்சு' என்றார்கள் வந்தவர்கள் எல்லாரும். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே மாத்திரை, மற்ற நோயாளிகளுக்குக் கொடுக்கிற நேரத்தில்தான். காலை ஆறு மணி மாத்திரை ஒன்பது மணிக்கு வந்தது. 'மூணு மணி நேரம்தானே சார்' என்றாள் அந்தப் பெண். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த மூன்று மணி நேரம் பெரியப்பா ஒரு மரக்கட்டை. வாந்திக்கு ஒரு ஊசி போட்டார்கள், இன்னும் மோசமானார். ஜுரம் ஐந்து நாளில் போயிற்று. அவர் பழைய நடைக்குத் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. முழுக்கத் திரும்பினார் என்றும் சொல்லமாட்டேன். சட்டைப் பொத்தான் அதற்கப்புறம் பெரியம்மாவின் வேலையாயிற்று.

பிறகு படித்தபோது இதில் எதுவும் அபூர்வம் இல்லை என்று தெரிந்தது. பார்க்கின்சன் நோயாளி திடீரென்று சில நாட்களில் சரிகிறார் என்றால் டாக்டர்கள் முதலில் தேடவேண்டியது ஏதாவது தொற்று இருக்கிறதா என்றுதான். நோய் தன் போக்கில் அப்படி ஒரே வாரத்தில் முற்றுவதில்லை. தொற்று வந்த உடம்பில் டோபமினின் தேவை கூடுகிறது. அதே சமயம் வயிறும் குடலும் கெட்டுப்போய், விழுங்கின மருந்து ரத்தத்துக்குப் போய்ச் சேர்வது குறைகிறது. மார்புத் தசைகள் விறைத்திருப்பதால் இருமிக் கபத்தை வெளியே தள்ள முடிவதில்லை. விழுங்குவது பழுதாகி உணவும் எச்சிலும் மூச்சுக்குழலில் இறங்குகின்றன. இந்த நோயாளிகள் பலரை முடிவில் கொண்டுபோவது நடுக்கமல்ல, நிமோனியா. வாந்திக்குப் போடும் மெட்டோகுளோப்ரமைடு டோபமினையே மறிப்பது. பிதற்றலுக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடாலும் அப்படியே. சாதாரண இருமல் சிரப்பில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன், ஸெலிஜிலின், ரசாஜிலின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆகாது. எல்-டோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் ஜுரமும் விறைப்புமாக உயிருக்கே ஆபத்து வரலாம். மருந்து வேளை தவறக்கூடாது என்பதற்காக மட்டுமே பிரிட்டனில் நோயாளிகள் சங்கம் 2006-ல் ஒரு இயக்கம் தொடங்கவேண்டியிருந்தது. பெரியப்பாவின் மூன்று மணி நேரத்துக்கு அங்கேயும் கூட்டாளிகள் இருந்திருக்கிறார்கள்.

அந்தச் சாதாரணக் கேள்வியைக் கேட்கவைக்க 2020 வரவேண்டியிருந்தது. கொரோனா வந்ததும் முதலில் எழுந்தது பழைய கேள்விதான்: 1918-ஐப் போல இதற்குப் பின்னாலும் ஒரு நடுக்குவாத அலை வருமா? வாசனை அற்றுப்போவது இரண்டு நோய்களுக்கும் பொது. பார்க்கின்சனில் அது நடுக்கத்துக்குப் பல வருஷம் முன்பே வந்துவிடும். அது பயத்துக்கு ஒரு காரணம். 2021-ல் டென்மார்க்கின் மருத்துவப் பதிவுகளிலிருந்து, ஃப்ளூ வந்தவர்களுக்குப் பத்து வருஷத்துக்குப் பிறகு பார்க்கின்சன் வருவது கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது என்று ஓர் ஆய்வு வந்தது. தொடர்பு தெரிகிறது, காரணம் நிரூபணமாகவில்லை. ஆனால் இந்த முறை இன்னொரு கேள்வியும் கூடவே கேட்கப்பட்டது. இத்தாலியின் பதுவாவிலும் லண்டனிலும் கொரோனா தொற்றிய பத்து பார்க்கின்சன் நோயாளிகளைப் பற்றி முதலில் எழுதினார்கள். வயதானவர்கள், நெடுநாள் நோயாளிகள். நான்கு பேர் இறந்துபோனார்கள். லம்பார்டியில், வீட்டிலேயே இருந்து லேசாகத் தொற்றிய பன்னிரண்டு பேரைக் கவனித்தார்கள். லேசான தொற்றுக்கே நடை, விறைப்பு, களைப்பு எல்லாம் மோசமாயின. மருந்தின் அளவைக் கூட்டவேண்டியிருந்தது. இதில் வயதும் நோயின் ஆயுளும் வித்தியாசம் செய்யவில்லை. அமெரிக்காவில் நோயாளிகளையே நேரடியாகக் கேட்ட ஒரு பெரிய விசாரணையில், தொற்றியவர்களில் பாதிப் பேருக்குமேல் நடமாட்டம் கெட்டது என்றார்கள். தொற்றாதவர்களும், உடற்பயிற்சியும் மனித முகங்களும் இல்லாமல் அடைந்து கிடந்ததில், சரிந்ததாகச் சொன்னார்கள்.

பத்து பேர், பன்னிரண்டு பேர். சின்ன எண்ணிக்கைகள்தான். 1817-ல் ஆறு பேரிலிருந்து ஆரம்பித்த விஷயம் என்பதால் எனக்கு அவற்றைக் குறைத்துச் சொல்லத் தோன்றவில்லை.

ஷ்வாப் குழு அந்தப் பெண்மணி சொன்னதைக் கேட்டுவிட்டு 163 பேருக்கு அமான்டடின் கொடுத்துப் பார்த்தது. மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குப் பலன் தெரிந்தது. ஒரு வைரஸே நடுக்குவாதத்தின் மூலகாரணம் என்று எழுதியவர்கள் கையில், ஒரு வைரஸ் மருந்து அதைத் தணிக்கிறது! அவர்கள் கொள்கைக்கு இதைவிட இனிப்பான சாட்சி வேண்டுமா? ஆனால் உண்மை அதுவல்ல. அமான்டடின் நடுக்குவாதத்தில் வேலை செய்வது எந்த வைரஸையும் தடுப்பதால் அல்ல. டோபமினைக் கொஞ்சம் தூண்டுவதாலும், மூளையில் குளுட்டமேட் ஏற்பிகளில் ஒரு வகையை அடைப்பதாலும்தான். அவர்கள் கொள்கை பொய்த்தது, கேட்டது பொய்க்கவில்லை. ஷ்வாபும் இங்கிலாந்து என்ற சகாவும் (நாட்டுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை, குடும்பப் பெயர்) உண்டாக்கிய ஓர் அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நூறிலிருந்து பூஜ்யம் வரை. அது நடுக்கத்தையோ விறைப்பையோ அளப்பதில்லை. வீட்டு வேலைகளை, தன் காரியங்களை, எவ்வளவு தானே செய்துகொள்ள முடிகிறது, எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதுதான் அதன் அளவை. அது ஆஸ்பத்திரியின் கேள்வியல்ல, வீட்டின் கேள்வி.

அமான்டடினின் பிற்காலச் சரித்திரம் கொஞ்சம் வேடிக்கையானது. 1966-ல் அமெரிக்காவில் ஃப்ளூவைத் தடுக்க அனுமதி பெற்ற மருந்து அது. ஃப்ளூ வைரஸ்கள் மெல்ல மெல்ல அதற்கு மசியாமல் போய், 2006 ஜனவரியில் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் அதை ஃப்ளூவுக்குக் கொடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டது. வைரஸ் கைவிட்டுப்போன மருந்து, எல்-டோபாவை நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கு வரும் வேண்டாத ஆட்டங்களை அடக்கப் பார்க்கின்சன்காரர்களிடம் தங்கிவிட்டது. கொரோனா வந்ததும் அதன் பழைய பெயர் யாருக்கோ ஞாபகம் வந்தது. போலந்தில் அது தொற்றைக் குணப்படுத்தும் என்று செய்தி பரவி, ஜனங்கள் மருந்துக் கடைகளுக்கு ஓடினார்கள். நடுக்குவாதத்தோடு வாழ்கிறவர்களுக்கு மாத்திரை இல்லாமல் போய்விடக்கூடாதென்று அரசாங்கம் விற்பனைக்கு வரம்பு கட்டவேண்டியதாயிற்று. பிறகு முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். கொரோனாவுக்கு அதனால் பலன் எதுவும் தெரியவில்லை. அதற்குள், வேளை தவறாமல் அந்த மாத்திரையைச் சாப்பிட்டாகவேண்டியவர்கள் சீட்டோடு வரிசையில் நின்றிருந்தார்கள்.